ஒழுங்கைக்குள் தொடர்மாடி வருகிறதா? வாகன நெரிசலையும் பாதுகாப்பையும் அளந்து, எழுதி, கேட்பது எப்படி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டைச் சுற்றித் தகரம் அடித்தால் என்ன நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் மாமரம் போகும். பிறகு ஓடு இறங்கும். ஒருநாள் காலை அத்திவாரத் தூண் இறக்கும் பைலிங் இயந்திரம் வந்து நிற்கும். எத்தனை மாடி, எத்தனை வீடு, எத்தனை கார் என்று அதற்குப் பிறகுதான் அயலவர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் கேட்டுப் பெரிய பயன் இருக்காது.

எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து கிழக்குப் பக்கமாக உள்ளே போய், மறுபக்கம் வழியில்லாமல் முடிகிறது. அங்கே ஒரு தொடர்மாடி வரப்போகிறது என்று தெரிந்ததும் எல்லா வீடுகளிலும் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம் அனுப்பினோம். "இந்தக் கட்டடத்தால் எங்கள் அமைதி கெடும், இது எங்களுக்கு வேண்டாம்" என்பதுதான் அதன் சாரம். பதிலே வரவில்லை. சில மாதங்கள் கழித்து இரண்டாவது கடிதம் எழுதினோம். அதில் வேண்டாம் என்ற சொல்லே இல்லை. மின்கம்பத்துக்கும் எதிர் மதிலுக்கும் இடையில் ஒழுங்கை 14 அடி 2 அங்குலம்தான், காலை 6.45இலிருந்து 7.15 வரை பாடசாலை வான்கள் பின்பக்கமாகவே வெளியே போகின்றன, அந்த நேரத்தில் பிள்ளைகள் நடக்க நடைபாதை கிடையாது என்று எழுதி, படமும் வரைந்து இணைத்தோம். இரண்டு வாரத்தில் ஓர் அலுவலர் அளவு நாடாவோடு வந்து அதே மின்கம்பத்தடியில் தானே அளந்து பார்த்தார்.

தொடர்மாடி வந்தது. ஆனால் அதன் வாயில் மதிலிலிருந்து உள்ளே தள்ளி அமைந்தது, பாடசாலை நேரத்தில் டிப்பர்கள் நுழையவில்லை. முதல் கடிதத்திலேயே இதைக் கேட்டிருந்தால் இன்னும் நிறையப் பெற்றிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் நாங்கள் கற்றதை முதலிலிருந்து எழுதுகிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொடர்மாடியில் வீடு வாங்குகிறவர்களும் நம்மவர்கள்தான். பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வருகிற குடும்பங்களுக்குக் கொழும்பில் வேறு எங்கே இடம்? ஆகவே வீடு கட்டக்கூடாது என்று கேட்பது நியாயமும் இல்லை, எடுபடவும் எடுபடாது. அந்த ஒழுங்கை எவ்வளவைத் தாங்கும், தாங்குவதற்கு என்ன செய்யவேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

முதல் படி: எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள்

கொழும்பில் கட்டட அனுமதியின் அடிப்படை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். அதன் கீழ் 2021 ஜூலையில் புதிய திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகள் வந்தன. விண்ணப்பங்களைக் கொழும்பு மாநகர சபையும், பெரிய திட்டங்களைப் பத்தரமுல்லை செத்சிரிபாயவில் இருக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் பார்க்கின்றன. தெஹிவளைப் பக்கம் இருப்பவர்கள் தெஹிவளை–கல்கிசை மாநகர சபையை அணுகவேண்டும்.

ஒரு பெரிய கட்டடம் மூன்று கட்டங்களைத் தாண்டும். முதலாவது, இந்தக் காணியில் இவ்வளவு கட்டலாமா என்று பார்க்கும் பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி. இரண்டாவது, வரைபடங்களைப் பரிசீலித்துக் கொடுக்கும் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம். மூன்றாவது, கட்டி முடித்தபின் அனுமதித்தபடியே கட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும் இணக்கச் சான்றிதழ். முதற்கட்டத்தில் வாயில் எங்கே வரவேண்டும் என்பதையே மாற்றலாம். இரண்டாவதில் நிபந்தனைகள் சேர்க்கலாம். மூன்றாவதில் நிபந்தனையை மீறியிருந்தால் மட்டும்தான் பேசமுடியும்.

தகரத்தில் பலகை மாட்டியிருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த வளவின் மதிப்பீட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு வரி பில்லைப் பார்த்தாலே அது கிடைத்துவிடும். அந்த இலக்கத்தோடு போனால் அலுவலகத்தில் கோப்பைத் தேட முடியும். "பச்சைக் கேற் வீட்டுக்குப் பக்கத்து வளவு" என்றால் முடியாது.

இரண்டாம் படி: வேறு எந்தச் சட்டங்களின் கீழ் வருகிறது?

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைப் பலரும் நம்பியிருக்கிறார்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வெளியான வர்த்தமானிகளின்படி, 1,000க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புத் திட்டங்களும், 10,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்களும்தான் அந்தப் பட்டியலில் வருகின்றன. அப்படி வந்தால் அறிக்கையைப் பார்க்கவும் எழுத்தில் கருத்துச் சொல்லவும் மக்களுக்கு 30 நாள் உண்டு. ஒழுங்கைக்குள் வரும் 40 வீட்டுத் தொடர்மாடி இந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. எனவே யாராவது வந்து உங்களிடம் கருத்துக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வழி உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மரைன் டிரைவ் பக்க ஒழுங்கைகளில் பெரும்பாலான வளவுகள் இதற்குள் விழும். அங்கேயும் ஒரு கோப்பு இருக்கும். அதையும் கேட்கலாம்.

மூன்றாம் படி: தகவல் அறியும் உரிமையைப் பயன்படுத்துங்கள்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. கொழும்புத் தமிழர்களில் இன்னும் பலர் இதைப் பயன்படுத்தத் தயங்குகிறார்கள். "ஏன் வீண் வம்பு? எங்கள் பெயர் போய்விடும்" என்ற பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று இங்கே வாழ்ந்த எவருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு கட்டடக் கோப்பின் பிரதியைக் கேட்பது புகார் கொடுப்பது ஆகாது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதும் இல்லை.

இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில் வேறு குடியுரிமையோடு இருந்தால் அவர் பெயரில் போடாதீர்கள். இங்கே இருக்கிற, அடையாள அட்டை உள்ள ஒருவர் பெயரில் போடுங்கள். வாடகைக்கு இருப்பவரும் போடலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதிகளுக்கு மட்டும் கேட்பார்கள்.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். அதாவது கிட்டத்தட்ட மூன்று வாரம். தருவதாக முடிவு செய்தால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தரவேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு.

"திட்டம் பற்றிய எல்லாத் தகவல்களையும் தரவும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்:

- இந்த மதிப்பீட்டு இலக்கத்துக்குரிய பூர்வாங்கத் திட்டமிடல் அனுமதி, அபிவிருத்தி அனுமதிப்பத்திரம், இரண்டிலும் விதிக்கப்பட்ட நிபந்தனைகள்
- போக்குவரத்துத் தாக்க மதிப்பீட்டு அறிக்கை முழுமையாக. அது கேட்கப்படவில்லை என்றால், எந்தக் காரணத்தால் கேட்கப்படவில்லை என்று பதிவான கடிதம்
- தீயணைப்புப் பிரிவின் அனுமதிக் கடிதம்
- வீடுகளின் எண்ணிக்கை, வாகனத் தரிப்பிடங்களின் எண்ணிக்கை, வாகனங்களுக்கு சரிவுப் பாதையா லிஃப்டா என்ற விபரம்
- அனுமதிக்காகக் கணக்கில் எடுக்கப்பட்ட ஒழுங்கையின் அகலம், அது எந்த இடத்தில் அளக்கப்பட்டது

கடைசிக் கேள்விதான் எங்களுக்கு எல்லாக் கதவையும் திறந்தது. கோப்பில் இருந்த அகலம் ஒழுங்கை வாயிலில் அளந்தது. உள்ளே போகப் போக ஒழுங்கை ஒடுங்குகிறது என்பது அதில் எங்கும் இல்லை.

வர்த்தக இரகசியம் என்று சொல்லி வரைபடங்களை மறுக்கப் பார்ப்பார்கள். சட்டத்தின் 5(4) பிரிவைக் குறிப்பிட்டு, வீதிப் பாதுகாப்பு பொதுநலன் சார்ந்தது, மறுப்பதால் காக்கப்படும் நலனைவிட அது பெரியது என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள். உள் அறைகளின் வரைபடம் நமக்குத் தேவையே இல்லை. தரைத்தளமும் தரிப்பிடத் தளங்களும் போதும்.

அதே சமயம் பொலிஸுக்கும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். ஒழுங்கை வாயிலில் கடந்த ஐந்து ஆண்டுகளில் பதிவான விபத்துகளின் திகதி, நேரம், வகை. பெயர்கள் வேண்டாம்.

நான்காம் படி: ஒழுங்கையை அளங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மற்ற எதற்கும் பலம் இல்லை. தேவையானவை ஓர் அளவு நாடா, ஒரு சீ.ஆர். கொப்பி, கைபேசி, இரண்டு மூன்று பேரின் காலை நேரம்.

அகலத்திலிருந்து தொடங்குங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. வாயிலில், நடுவில், திட்டக் காணிக்கு முன்னால், எல்லாவற்றிலும் ஒடுங்கிய இடத்தில் என்று குறைந்தது நான்கு இடங்கள். மதிலுக்கு மதில் ஓர் அளவு, வாகனம் உண்மையில் போகக்கூடிய அகலம் இன்னோர் அளவு. மூடியில்லாத கான், மின்கம்பம், தெருவுக்கு வந்த படிக்கட்டு எல்லாம் இரண்டாவது அளவைக் குறைக்கும். காரணம் இதுதான்: ஓர் ஒழுங்கைக்குள் எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதை ஒழுங்குவிதிகள் பாதையின் அகலத்தோடு இணைத்திருக்கின்றன. காகிதத்தில் இருக்கும் அகலமும் தரையில் இருக்கும் அகலமும் ஒன்றா என்பதுதான் நீங்கள் வைக்கக்கூடிய வலுவான கேள்வி. உங்கள் வீட்டு உறுதியோடு இருக்கும் வீதிக்கோட்டுச் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். எதிர்காலத்தில் வீதியை அகலிக்க ஒதுக்கிய கோடு அதில் இருக்கும். அந்தக் கோடு இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. பாடசாலை நடக்கிற வாரத்தில், செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாட்கள். போயா வரும் வாரம் வேண்டாம், வேல் விழாக் காலம் வேண்டாம். பாடசாலை 7.30க்குத் தொடங்குவதால் காலை 6.30 முதல் 8 வரை. பகல் 1.15 முதல் 2.30 வரை. மாலை 5.30 முதல் 7.30 வரை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. கார்–வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள், லொறி, நடந்து போகிறவர்கள் என்று ஐந்து நிரல். எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டு அன்ரி பல்கனியில் தேநீரோடு உட்கார்ந்து ஒரு நாளைக்கூட விடாமல் எண்ணினார். கோடு போட்டுக் கோடு போட்டு, ஐந்தாவதை மேலே வெட்டி, நாலாம் வகுப்புக் கணக்கு மாதிரி. அந்தக் கொப்பியின் பிரதியைத்தான் கடிதத்தோடு இணைத்தோம்.

இன்னொரு நிரலைக் கட்டாயம் சேருங்கள்: பின்பக்கமாக வந்த வாகனங்கள். மறுபக்கம் வழியில்லாத ஒழுங்கையில் உண்மையான ஆபத்து வேகத்தில் இல்லை, ரிவேஸில் இருக்கிறது. எதிரே ஒரு வான் வந்தால் ஒருவர் பின்னால் போகத்தான் வேண்டும். புத்தகப்பையோடு பின்னால் நடந்து வருகிற ஏழு வயதுப் பிள்ளை சாரதியின் கண்ணாடியில் தெரிவதில்லை. நான் சொல்வதை நம்பவேண்டாம். ஒரு வானுக்குள் ஏறி உட்கார்ந்து, பிள்ளையைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள். நான் அப்படிப் பார்த்த நாளிலிருந்துதான் இந்த விடயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

மூன்றாவது, வாகன லிஃப்ட். கொழும்பில் காணி ஒடுக்கம், சரிவுப் பாதைக்கு இடம் இல்லை, அதனால் பல தொடர்மாடிகளில் கார்கள் லிஃப்டில்தான் ஏறி இறங்குகின்றன. இதன் விளைவை யாரும் முன்கூட்டிக் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு கார் உள்ளே போய், கதவு மூடி, மேலே போய், இறங்கி, லிஃப்ட் திரும்பிக் கீழே வர இரண்டு நிமிடம் என்று வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 30 கார். மாலையில் ஒரே மணித்தியாலத்துக்குள் 40 கார் வந்தால் பத்துக் காருக்கு இடமில்லை. அதுவும் சீராக வந்தால்தான் இந்தக் கணக்கு. காலி வீதி சிக்னல் விட்டதும் கார்கள் கூட்டமாகத்தானே வரும். காத்திருக்கும் ஒரு காருக்கு இடைவெளியோடு சுமார் 6 மீற்றர் வேண்டும். மூன்று கார் நின்றால் 18 மீற்றர் ஒழுங்கை அடைபட்டுவிடும். பக்கத்தில் ஏற்கெனவே லிஃப்ட் உள்ள ஒரு தொடர்மாடியில் காவலாளித் தம்பியிடம் கேட்டு, நீங்களே நேரத்தை அளந்து பாருங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் "காத்திருக்கும் கார்கள் உங்கள் வளவுக்குள்ளேயே நிற்க இடம் ஒதுக்குங்கள்" என்று கேட்கமுடியும்.

குடியிருப்பாளரின் கார் மட்டும் இல்லை. உணவு கொண்டுவரும் பிக்மி, ஊபர் மோட்டார் சைக்கிள்கள், தண்ணீர் பவுசர், காஸ் லொறி, குப்பை லொறி, ரியூஷனுக்குப் பிள்ளைகளை இறக்குகிற ஓட்டோ, விருந்தாளிகள். இவை எங்கே நிற்கும்? தரைத்தள வரைபடத்தில் இடம் காட்டியிருக்கிறார்களா? இல்லையென்றால் அவை உங்கள் கேற்றுக்கு முன்னால்தான் நிற்கும்.

நான்காவது, தீயணைப்பு. இரவு 10 மணிக்கு ஒழுங்கையில் நடந்து போய், இருபக்கமும் நிறுத்தியிருக்கும் வாகனங்களுக்கு நடுவில் எவ்வளவு அகலம் மிச்சம் என்று அளந்து படம் எடுங்கள். பகலில் எடுத்த அளவு இதற்கு உதவாது. கொழும்பில் 110ஐ அழைத்தால் தீயணைப்பு வண்டி வரும், 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். ஆனால் அவை காலி வீதியிலிருந்து உங்கள் ஒழுங்கைக்குள் திரும்ப முடியுமா, முடிந்தால் எதுவரை வரமுடியும் என்பதை இரவு அளவுதான் சொல்லும்.

படம் எடுக்கும்போது பிள்ளைகளின் முகம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப் குழுவில் வாகன இலக்கங்களைப் போட்டு அயலவரோடு மனக்கசப்பை உண்டாக்காதீர்கள். அந்த அயலவரின் கையெழுத்தும் நாளைக்கு வேண்டும்.

ஐந்தாம் படி: கட்டுநருடைய போக்குவரத்து அறிக்கையைப் படியுங்கள்

தடித்த அறிக்கையைக் கண்டு மலைக்க வேண்டாம். நான் முதலில் பார்ப்பது எண்ணிக்கை எடுத்த திகதி. ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறையில் எடுத்திருந்தால் அந்த எண்கள் உங்கள் காலைப் பொழுதைச் சொல்லவில்லை. இரண்டாவது, எண்ணிய இடம். காலி வீதிச் சந்தியை மட்டும் எண்ணிவிட்டு ஒழுங்கைக்குள் வராமலே எழுதியிருப்பார்கள். சந்தி தாங்கும், ஏனென்றால் 100ஆம் இலக்க பஸ்களும் ஆயிரக்கணக்கான வாகனங்களும் போகிற ஏ2 வீதியோடு ஒப்பிட்டால் 40 கார் ஒன்றுமே இல்லை. 14 அடி ஒழுங்கைக்கு அது பெரிய தொகை.

மூன்றாவது, அதே ஒழுங்கையில் அனுமதி பெற்று இன்னும் குடியேறாத மற்றக் கட்டடங்கள். ஒவ்வொரு அறிக்கையும் தன் கட்டடத்தை மட்டும் கூட்டிக்காட்டும். மூன்று கட்டடங்களையும் சேர்த்து யாரும் கூட்டுவதில்லை. அந்தக் கூட்டலைச் செய்து பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். இதற்கு இதுவரை ஒரு நல்ல மறுப்பை நான் கேட்டதில்லை.

ஆறாம் படி: கவலையைக் கோரிக்கையாக மாற்றுங்கள்

"நெரிசல் கூடும்" என்று எழுதினால் அலுவலர் செய்யக்கூடிய காரியம் எதுவும் இல்லை. அவர் ஒப்பமிட்டுச் சேர்க்கக்கூடிய ஒரு நிபந்தனையை எழுதிக் கொடுங்கள். எங்கள் இரண்டாவது கடிதத்தின் ஒரு பகுதியைச் சற்றுச் சுருக்கித் தருகிறேன்:

"இக்காணிக்கு முன்னால் ஒழுங்கையின் பயன்படு அகலம் 14 அடி 2 அங்குலம் (படம் 3). காலை 6.45–7.15 இடையில் வாகனங்கள் பின்பக்கமாக வெளியேறுவதை மூன்று நாட்களும் பதிவுசெய்துள்ளோம் (அட்டவணை 1). ஆகவே பின்வரும் நிபந்தனைகளை அனுமதியில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, வாயில் மதில் கோட்டிலிருந்து உள்ளே தள்ளி அமைந்து, காத்திருக்கும் வாகனங்கள் வளவுக்குள் நிற்கவேண்டும். இரண்டு, வாயிலின் இருபக்கமும் மதில் உயரம் குறைந்து, வெளியே வரும் சாரதிக்கு நடப்பவர் தெரியவேண்டும். மூன்று, காணியின் முன்பக்கம் முழுவதும் மூடிய கானும் நடைபாதையும் அமைக்கப்படவேண்டும். நான்கு, விநியோக வாகனங்களுக்கும் குப்பை லொறிக்கும் வளவுக்குள் இடம் வேண்டும். ஐந்து, பாடசாலை தொடங்கும், முடியும் நேரங்களில் கட்டுமான லொறிகள் நுழையக்கூடாது."

இரண்டு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள். விலை குறையும், காற்று வராது, வெளியாட்கள் வருவார்கள் என்பவற்றைச் சேர்க்கவே வேண்டாம். கடைசியாகச் சொன்னது கடிதத்தின் மதிப்பையே கெடுத்துவிடும். நாமும் ஒரு காலத்தில் இந்த ஒழுங்கைக்கு வெளியாட்களாக வந்தவர்கள்தான்.

ஏழாம் படி: யாருக்கு, எந்த மொழியில்?

ஒரே கடிதத்தை மாநகர ஆணையாளருக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைப் பணிப்பாளர் நாயகத்துக்கும் அனுப்புங்கள். பிரதிகள் தீயணைப்புப் பிரிவுக்கும் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் பிரதேச செயலாளருக்கும். காலி வீதி போன்ற பிரதான வீதியில் வாயில் வருவதானால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும். பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டுகளை அதே சீ.ஆர். கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

தமிழில் எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை உண்டு. ஆனால் கோப்பைக் கையாளும் எழுதுவினைஞருக்குத் தமிழ் தெரியாவிட்டால் கடிதம் மொழிபெயர்ப்புக்காக வாரக்கணக்கில் கிடக்கும். எனவே ஒரு பக்கச் சிங்களச் சுருக்கம் இணைத்துவிடுங்கள். எங்கள் கடிதத்துக்கு எதிர்வீட்டுச் சிங்கள ஐயா ஒருவர் எழுதித் தந்தார். அவருடைய பேத்தியும் அதே ஒழுங்கையால்தான் நடந்து போகிறாள்.

2025 மேயில் நடந்த தேர்தலுக்குப் பிறகு கொழும்பு மாநகர சபைக்கு மீண்டும் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் வட்டார உறுப்பினரைக் கட்சி பார்க்காமல் அழைத்து, காலை 6.45க்கு ஒழுங்கையில் நிற்கவைத்துக் காட்டுங்கள். அலுவலகத்தில் ஒரு மணித்தியாலம் கதைப்பதைவிட அது மேல்.

கட்டுகிற நிறுவனத்தையும் சந்தியுங்கள். பலர் இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள். வாயிலை உள்ளே தள்ளுவது அவர்களுக்கும் விற்பனைக்கு நல்லதுதான். ஒப்புக்கொண்டதை அன்றே எழுதி இருதரப்பும் ஒப்பமிட்டு, பிரதியைக் கோப்புக்கு அனுப்புங்கள்.

எட்டாம் படி: கட்டுமானக் காலம்

பைலிங் தொடங்குமுன் உங்கள் வீட்டுச் சுவர்களைப் படம் எடுங்கள். ஒவ்வொரு வெடிப்புக்குப் பக்கத்திலும் அளவுகோலும் அன்றைய பத்திரிகையும் தெரியட்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மூலம் வெடிப்பு ஆய்வு செய்யும்படி கட்டுநரிடம் கேளுங்கள். பிறகு வந்த வெடிப்பு எது, முன்பே இருந்தது எது என்று நிரூபிக்க வேறு வழி இல்லை. 2017 மேயில் வெள்ளவத்தையில் ஒரு கட்டடம் இடிந்து விழுந்து உயிர்கள் போனதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை.

சத்தத்துக்கு 1996இன் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. கட்டுமானத்துக்குப் பகலில் 75 டெசிபல், இரவு 9 முதல் காலை 6 வரை 50. இரவில் கொங்கிரீட் போட்டால் நேரத்தைக் குறித்துப் பொலிஸுக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் அறிவியுங்கள். டிப்பர் ரிவேஸ் எடுக்கும்போது கொடி பிடிக்க ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆனால் அங்கே வேலை செய்யும் தொழிலாளர்களோடு சண்டை வேண்டாம். நேரத்தைத் தீர்மானிப்பவர்கள் அவர்கள் இல்லை.

ஒன்பதாம் படி: எதுவும் நடக்காவிட்டால்

அனுமதி இல்லாமலோ அதை மீறியோ கட்டினால் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. அதைச் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். சட்டவிரோதமாகக் கொடுத்த அனுமதியை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இந்தக் கட்டத்தில் சட்டத்தரணி இல்லாமல் நகரவேண்டாம். நீங்கள் சேர்த்த அளவுகளும் பற்றுச்சீட்டுகளும்தான் அவருக்கு முதல் ஆயுதம்.

பத்தாம் படி: இணக்கச் சான்றிதழ் கொடுக்குமுன்

எல்லோரும் களைத்துப்போய் விட்டுவிடுகிற இடம் இது. கட்டி முடிந்து, பெயின்ற் அடித்து, தகரத்தைக் கழற்றும்போது அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு தடவை நடந்து பாருங்கள். வாயில் சொன்ன தூரம் உள்ளே இருக்கிறதா? கானுக்கு மூடி போட்டாயிற்றா? விருந்தாளிகளுக்கான தரிப்பிடம் கடையாகவோ களஞ்சியமாகவோ மாறிவிட்டதா? வித்தியாசம் கண்டால் சான்றிதழ் கொடுக்குமுன் அதைப் பரிசோதிக்கும்படி படத்தோடு எழுதுங்கள். எங்கள் ஒழுங்கையில் அப்படி ஒரு கடிதத்துக்குப் பிறகுதான் கானின் கடைசி ஆறு மூடிகள் வந்து சேர்ந்தன. இப்போது பிள்ளைகள் அவற்றின் மேல் வரிசையாக நடந்து போகிறார்கள். அன்ரி இன்னும் பல்கனியில் இருந்து எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். அடுத்த வளவுக்கும் தகரம் வந்துவிட்டது.